கூடமாட ஒத்தாசை

கல்கத்தா மினிபஸ்ஸை ஓட்டுவது டிரைவர் என்று நினைத்துக்கொண்டு யாரும் இந்த ஊருக்கு வர வேண்டாம். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஓட்டுகிறவன் வாசல்படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வருகிறவன். தகரத்தில் அவன் ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும். இரண்டு தட்டினால் கிளம்பும். இடப்பக்கம் டிராம் வருகிறதா, ரிக்‌ஷாக்காரர் ஒதுங்கினாரா, மழைத் தண்ணீரில் பள்ளம் எங்கே இருக்கிறது, எல்லாம் அவன் கண்ணில்தான். குழந்தையோடு ஒருத்தி இறங்கினால், "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!" என்று கத்துவான். மெதுவாக, பெண்பிள்ளை இறங்குகிறாள், இடுப்பில் குழந்தை என்று பொருள். வெறும் பையோடு நான் இறங்கும்போதும் சில நாள் அப்படியே கத்துவான், பழக்கதோஷம். ஊரில் கண்டக்டரின் விசில் சத்தத்துக்குப் பழகியிருந்த எனக்கு இது வினோதமாக இருந்தது. பெஹாலாவிலிருந்து பாலிகஞ்சுக்குப் போகிற பஸ்ஸில் ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மாளிடம், எனக்குத் தெரிந்த நாலு வங்காளச் சொல்லை ஒட்டவைத்து, "அவர் யார், பெரிய ஆளா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓ கிச்சு நா. ஹெல்பார்," என்றாள். அவன் ஒன்றுமில்லை, ஹெல்பர்.

இந்த "ஒன்றுமில்லை"க்கும் எனக்கும் பழைய பகை உண்டு. ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல ஊரை விட்டு வந்து எங்கெங்கோ கடை போட்டும் உத்தியோகம் பார்த்தும் பிழைக்கிறவர்களும் அந்தக் கதையைக் கேட்டுக்கொள்ளட்டும். பெண்கள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கட்டும்.

நான் சங்கரன்கோவில் பக்கம். அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் பேசினபோது, மாப்பிள்ளை கல்கத்தாவில் காபிப்பொடிக் கடை வைத்திருக்கிறார் என்றார்கள். தரகர் என் அப்பாவிடம் சொன்ன வாசகம் இன்னும் காதில் இருக்கிறது: "பொண்ணுக்கு அங்க பெரிய வேலை ஒண்ணும் கெடையாது. மாப்பிள்ளைக்குக் கூடமாட ஒத்தாசையா இருந்தாப் போதும்." எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. விடியலில் இடுப்பொடிந்து களையெடுக்கப் போகிறவள் புருஷனுக்கு ஒத்தாசை. மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்து, கடைக்கு ஊற்றிவிட்டு வருகிறவள் ஒத்தாசை. தறிக்குப் பாவு ஓட்டுகிறவளும் ஒத்தாசைதான். வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளுக்குப் பெயர் விவசாயி. இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கழுத்தில் தாலி, கையில் டிரங்குப் பெட்டி, இரண்டு ராத்திரி ரயில். ஹௌரா பாலத்தைப் பார்த்து வாயைப் பிளந்ததோடு என் பெண்பிள்ளைப் பருவம் முடிந்தது.

பாலிகஞ்சில் ஒரு சந்து. அதில் வரிசையாக லேத் பட்டறை, பாட்டரிக் கடை, ஒரு அச்சுக்கூடம், நடுவில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் பெயர் ஆறுமுகம். நல்ல மனிதர், நிறையப் பேசுவார், வங்காளிகளோடு வங்காளி போலவே பேசுவார். ஆனால் அவருக்கு வீசிங். காபிக்கொட்டை வறுக்கிறபோது எழும்புகிற புகை ஒரு நிமிஷம் நெஞ்சில் இறங்கினால் மூன்று நாள் படுக்கை. நான் வருவதற்கு முன்னால் ஒரு பீகார்க்காரர் வறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்த அடுத்த வாரம் அவர் நின்றார். அதற்கப்புறம் கரியடுப்பின்மேல் அந்த இரும்பு உருளையைச் சுற்றினது நான். நிறம் மாறி, கொட்டை வெடித்து, எண்ணெய் மினுங்குகிற அந்த நேரத்தில் உருளையைத் திறக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் கரி. பிறகு முறத்தில் ஆற்றி, சிக்கரி கலந்து, மெஷினில் அரைப்பது. கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அதனால் விடிந்ததும் வந்து, இருக்கிற கரண்டில் அன்றைக்கு வேண்டியதை அரைத்து முடித்துவிடுவேன். வெள்ளைச் சட்டை போட்டு முன்பக்கம் உட்கார்ந்து, பொட்டலம் கட்டிக் கொடுத்து, "நமஸ்கார், கேமோன் ஆச்சேன்?" என்று சௌக்கியம் கேட்பது அவர் வேலை. கடை நன்றாக நடந்தது. ஊரார் அவர் கைராசி என்றார்கள்.

காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கிற வங்காள அம்மாள் ஒருவர் வாடிக்கையாக வருவார். ஒருநாள் பின்கட்டிலிருந்து கரி பூசிய முகத்தோடு நான் எட்டிப் பார்த்தேன். "ஆப்னி தாதாகே ஹெல்ப் கொரேன்? கூப் பாலோ!" என்று சிரித்தார். அண்ணனுக்கு ஹெல்ப் பண்ணுகிறீர்களா, ரொம்ப நல்லது என்று. நானும் சிரித்து வைத்தேன். அதே அம்மாள் அடுத்த நிமிஷம் என் வீட்டுக்காரரிடம், தன் வீட்டு ஹெல்ப் இன்றைக்கு வரவில்லை, பாத்திரம் எல்லாம் குவிந்து கிடக்கிறது என்று அலுத்துக்கொண்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மறுநாள் அவர் வந்தபோது அன்பாக, "உங்கள் ஹெல்ப் வந்துவிட்டாரா? அவர் உங்கள் தங்கையா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் முகம் சுருங்கிப் போய்விட்டது. பாத்திரம் தேய்க்கிறவளைப் போய்த் தங்கை என்றேனே! ராத்திரி முழுவதும் என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கிற மட்டும் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கும் எனக்கும் அந்த அம்மாள் ஒரே சொல்லைத்தான் போட்டார். அவளாவது சம்பளம் வாங்குகிறாள்.

பிறகொரு நாள் ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் போலிருந்தார். வீட்டுக்காரர் என்ன தொழில் என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் பக்கம் பேனாவை நீட்டி, "இவர்?" என்றார். நான் அப்போது விரலில் சூடு பட்ட இடத்தில் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தேன். "வீட்டிலதான் இருக்கா. கடையில எப்பவாவது ஹெல்ப்," என்று என் வீட்டுக்காரர் வங்காளத்தில் சொன்னார். எப்பவாவது! செத்துப்போனவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன். உயிரோடு இருந்தபோதே சொன்னேன். "எப்பவாவதுன்னு சொன்னீயளே, நாளைக்கு நான் எப்பவாவது வந்தாப் போதுமா?" என்று கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். என்னை மட்டந்தட்ட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவருக்கு அப்படியொரு எண்ணமே இல்லை. அவர் அறிந்த பாஷையில் ஒரு பெண்டாட்டி செய்வதற்கு வேறு சொல் கிடையாது, அதுதான் விஷயம்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு மழைக்காலத்தின் கடைசியில் அவர் நெஞ்சு ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் மகள் வள்ளி அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. அழுகிறதற்கு எனக்கு நிறைய இருந்தது, நிறைய அழுதேன். அதை இங்கே எழுதப் போவதில்லை, அது என்னோடது.

காரியம் முடிவதற்குள் ஊரிலிருந்து என் கொழுந்தன் சுப்பையா வந்து சேர்ந்தான். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன். என் கண்ணெதிரே சுவரில் முட்டிக்கொண்டு அழுதான், அது நடிப்பில்லை. ஊரில் மழை பொய்த்து, கிணறு வற்றி, செய்வதற்கு வேலையில்லாமல் இருந்தான் என்பதும் பொய்யில்லை. பெஹாலா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சுவார்த்தை வைத்தார்கள். தமிழ்ச் சங்கத்தில் பெரிய மனிதர் ஒருவர், பாங்கியில் அதிகாரி, எல்லாருக்கும் பாங்க் மாமா, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களை நிலைப்படியில் நின்றேன். சுப்பையாதான் ஆரம்பித்தான்.

"மதினி, நீங்க ஒண்ணும் கவலப்படாதீய. அண்ணன் இல்லன்னா நான் இல்லயா? புள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போங்க. நான் இங்கன இருந்து கடையப் பாத்துக்கிடுதேன். மாசாமாசம் அனுப்பி வச்சிருதேன்."

"இப்ப கடைய யாரு பாக்கா, தம்பி?" என்றேன்.

"நீங்க கூடமாட ஒத்தாசையா இருந்தீய. அத யாரு இல்லன்னு சொன்னா?"

பாங்க் மாமா தொண்டையைச் செருமினார். "கோமதி, நாங்க எல்லாரும் உனக்கு ஹெல்ப் பண்ணத்தாம்மா பார்க்கறோம். இந்த ஊர்ல ஒரு பொம்மனாட்டி தனியா கடை வச்சுண்டு என்ன பண்ணுவே? வாடகை ரசீது ஆறுமுகம் பேர்ல இருக்கு. கட்டடத்துக்குச் சொந்தக்காரன் ஹால்தார் பாபுகிட்ட நான் பேசறேன். சுப்பையா பேருக்கு மாத்திட்டா உனக்கும் நிம்மதி."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனால் இவர்கள் ஓநாய்கள் இல்லை. அதுதான் இன்னும் சங்கடம். நல்லது செய்கிறோம் என்று நெஞ்சாரவே நம்பினார்கள். நான் உருளை சுற்றினது ஹெல்ப். என்னை அந்த உருளையிலிருந்து எழுப்பி ரயிலேற்றுவதும் ஹெல்ப். நான் செய்தால் அது சின்ன விஷயம், அவர்கள் செய்தால் பெரிய மனசு. "நான் போகமாட்டேன்," என்றேன். துக்கத்தில் பேசுகிறாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் துக்கத்தில்தான் பேசினேன். துக்கத்தில் பேசினால் அது பேச்சில்லையா?

நீங்கள் கேட்கலாம், ஊருக்குப் போனால்தான் என்ன என்று. போனால் மாமியார் வீட்டு அடுக்களை. அங்கேயும் ஒத்தாசைதான், சாகிற மட்டும். வள்ளிக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். அவளை அங்கே கொண்டுபோய் ஊமையாக உட்கார வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வறுபடுகிற கொட்டையின் வாசனை மாறுகிற அந்த நொடியில் எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காருமே, அதை நான் எங்கே போய்த் தேடுவது? அது என் வேலை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

ஹால்தார் பாபு அவசரப்படவில்லை. மாசக் கடைசியில் ரசீது எழுதும்போது யார் பெயர் என்று முடிவு செய்யலாம் என்றுவிட்டார். அதுவரை சுப்பையா அண்ணனின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்தான். நான் பின்கட்டில் வறுத்தேன், அரைத்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்; அவன் நன்றாகவே வியாபாரம் செய்தான். சிரித்த முகம், தெரிந்த இந்தியை வைத்துச் சமாளித்தான். இன்னும் ஒரு மாசம் போனால் வறுக்கவும் கற்றுக்கொண்டிருப்பான். வாடிக்கைக்காரர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதனால் ஆளில்லாமல் கடை படுத்துவிடும், அப்போது என்னைத் தேடி வருவார்கள் என்று நான் கனவு காணவில்லை. என்னை விட்டாலும் கடை நடக்கும். அதற்காக அது என் கடை இல்லை என்று ஆகிவிடுமா? என் வீட்டுக்காரர் இல்லாமலும்தான் நடந்தது.

அப்போது விஸ்வகர்மா பூஜை வந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியாது. நமக்கு ஆயுத பூஜை என்றால் நவராத்திரியின் கடைசியில்தான். இங்கே நவராத்திரி துர்க்கைக்கு. மெஷினுக்கு அதில் பங்கில்லை. மெஷினுக்கென்று அதற்கு முன்னாலேயே ஒரு நாள், புரட்டாசி பிறக்கிற சமயத்தில் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு லேத் ஓடாது, அச்சு ஓடாது. பட்டறைக்குப் பட்டறை யானைமேல் உட்கார்ந்த சாமி, சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி. மாடிக்கு மாடி காற்றாடி. எங்கள் சந்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த மெஷினுக்கு முன்னால் யார் மனையில் உட்காருகிறார்களோ அவர்தான் அந்த வருஷத்துக்கு அந்த மெஷினின் எஜமான். பட்டறை கைமாறினால் சந்துக்கு அது தெரிவது அன்றைக்குத்தான். அன்று மத்தியானம் எஜமான் கையால் சந்தே கிச்சுடி, அரிசியும் பருப்பும் சேர்த்துக் கிண்டினது, சாப்பிடும். கட்டடச் சொந்தக்காரர் ஹால்தார் பாபுவும் வந்து சாப்பிடுவார். என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் உட்கார்ந்தார். நான் கிச்சுடி கிண்டினேன், ஒத்தாசையாக.

மறைத்துவைத்துக் காரியம் சாதிப்பது என் வழக்கமில்லை. முந்தின நாளே சுப்பையாவிடம் சொன்னேன்.

"தம்பி, நாளைக்கு மெஷினுக்குப் பூசை. இந்தச் சந்துல யாரு உக்காருதாங்களோ அவங்கதான் கடைக்காரங்கன்னு அர்த்தம். ஹால்தார் பாபுவும் வருவாரு."

அவன் சிரித்தான். "இது இவனுவ பூசை, மதினி. நமக்கென்னத்துக்கு? நம்ம ஆயுத பூசை சரஸ்வதி பூசையன்னைக்கில்லா! அன்னைக்குத்தான் நான் உக்காருதேன். பாங்க் மாமாட்ட சொல்லியாச்சு, சங்கத்து ஆளுகளெல்லாம் வாராவ. நாளைக்குக் கடை லீவுதான? நம்மூர்ப் பையன் ஒருத்தன் மிருகக்காட்சிசாலைக்குக் கூப்பிடுதான், போய்ட்டு வந்திருதேன். இத நீங்க பாத்துக்கிடுங்க, ஒரு ஒத்தாசையா."

"நான் உக்காந்துருவேன், தம்பி."

"உக்காருங்க, உக்காருங்க," என்றான்.

விளையாட்டு என்று நினைத்தான். தாலியறுத்தவள் மங்கல காரியத்தில் மனையில் உட்காருவாள் என்று நம்மூரில் எவன் நினைப்பான்? அவன் புலியையும் வெள்ளை மயிலையும் பார்க்க அலிப்பூருக்குப் போனான். நான் விடியலில் கடையைத் திறந்து, மெஷினின் பெல்ட்டைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் துடைத்து, பூ சுற்றினேன். சந்தனம் வைத்தேன். குங்குமச் சிமிழைக் கையில் எடுத்தபோது ஒரு கணம் கை நின்றது. அவர் போனதிலிருந்து நான் தொடாத பொருள். என் நெற்றிக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. என் மெஷினின் நெற்றிக்கும் இல்லையா? அழுத்தி, பெரிதாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன்.

புரோகிதர் பட்டறை பட்டறையாக வந்துகொண்டிருந்தார், அவசரத்தில் இருந்தார். எங்கள் வாசலுக்கு வந்ததும், "எஜமான் யார்?" என்றார். லேத் பட்டறை நிமாய்தா, அச்சுக்கூடத்துக்காரர், ஹால்தார் பாபு எல்லாரும் வாசலில் நின்றார்கள். நிமாய்தா கடைக்குள் எட்டிப் பார்த்து சுப்பையாவைத் தேடினார். நான் மனைப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆமி," என்றேன். நான்தான்.

ஹால்தார் பாபுவுக்கு அது பிடிக்கவில்லை. பட்டுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே, "பௌதி, ஆப்னி தோ ஷுது தாதாகே ஹெல்ப் கொர்தேன்," என்றார். அண்ணி, நீங்கள் அண்ணனுக்கு ஹெல்ப்தானே பண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

எத்தனையோ வருஷமாக நெஞ்சில் ஊறிக் கிடந்த பதில், கடைசியில் என் சொந்தப் பாஷையில் வரவில்லை. என் நொண்டி வங்காளத்தில்தான் வந்தது. "ஹெல்ப் நா, ஹால்தார் பாபு. காஜ். ஆமி காஜ் கொர்தாம்." ஹெல்ப் இல்லை. வேலை. நான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

நிமாய்தா தலையைச் சொறிந்தார். தினமும் காலையில் இந்த மெஷின் சத்தத்தில்தான் தனக்குத் தூக்கம் கலைகிறது, கலைக்கிறவள் பௌதிதான், அதில் சந்தேகமில்லை என்று சலிப்போடு சொன்னார். அது எனக்குப் பரிந்து பேசினது இல்லை, புகார். ஆனால் சந்து சிரித்துவிட்டது. புரோகிதருக்கோ இன்னும் பத்துப் பட்டறை பாக்கி இருந்தது. விதவையா சுமங்கலியா என்று அவர் கேட்கவில்லை. பெயரும் கோத்திரமும் கேட்டார். கோமதி, சிவகோத்திரம் என்றேன். அப்படியொரு கோத்திரத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. காசியப கோத்திரம் என்று வைத்துக்கொள்கிறேன் என்று மந்திரத்தை ஓட்டிவிட்டார். ஒரே பூஜையில் எனக்குப் பெயர் கிடைத்து, கோத்திரம் போயிற்று. போனால் போகட்டும்.

சுப்பையா திரும்பி வந்தபோது சந்து முழுவதும் வாழையிலை. ஹால்தார் பாபு என் கையால் கிச்சுடி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிச்சுடி போட்டதும் மனசு இளகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆம்பளையைவிட விதவையைக் காலி செய்வது சுலபம் என்று அவர் ஒரு கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கணக்கு இன்று வரை பலிக்கவில்லை. சுப்பையா மெஷினின் குங்குமத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் வெளுத்துப் போனான். உள்ளே வந்து மெதுவாகத்தான் கேட்டான்.

"என்ன மதினி இப்படிச் செஞ்சுட்டீய?"

"சொல்லிட்டுத்தான செஞ்சேன்."

"நான் எங்கன போவேன்? ஊர்ல என்ன இருக்கு எனக்கு?"

அந்தக் கேள்வி நியாயமானது. எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதனால் மனசாரத்தான் சொன்னேன்: "எங்கயும் போவ வேண்டாம், தம்பி. நீங்க முன்னால உக்காந்து வியாபாரத்தப் பாருங்க. நான் பின்னால பாக்கேன். எனக்குக் கூடமாட ஒத்தாசையா இருங்க."

கன்னத்தில் அறைந்தது போல அவன் தலை பின்னுக்குப் போயிற்று. "ஒத்தாசையா? பொம்பளைக்கா? நான் என்ன ஒங்க வேலைக்காரனா?" என்று கத்தினான். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாடியில் யாரோ யார் காற்றாடியையோ அறுத்துவிட்டு "போ-காட்டா!" என்று கூவினார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் இத்தனை வருஷமாக ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் ரயிலேறினான். ஹௌரா வரைக்கும் போய், புளியோதரையும் தண்ணீரும் கொடுத்து ஏற்றிவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டான், பேசவில்லை.

பாங்க் மாமா பேசினார். "ஹெல்ப் பண்ண வந்தவனை விரட்டிவிட்டுட்டே. இனிமே எங்ககிட்ட ஹெல்ப்னு வந்து நிக்காதே," என்றார். "நிக்கமாட்டேன், மாமா," என்றேன். நிற்கவில்லை. மாசக் கடைசியில் ரசீது என் பெயருக்கு வந்தது. மாமியார் வீட்டிலிருந்து அதற்கப்புறம் ஒரு வரி வரவில்லை. வள்ளி பெரியவளானபோது சடங்குக்குத் தாய்மாமன் வந்தார். அவள் அப்பா வழியில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அதற்காக ராத்திரி ஒருநாள் அழுதேன். காலையில் போய் உருளையைச் சுற்றினேன். இரண்டும் உண்மை. இதில் எது உன் நிஜமான மனசு என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

ரசீது வந்த கையோடு, கடைக்குப் புதுப் பலகை எழுதச் சொன்னேன். என் பெயரில். மேலே வங்காளத்தில் எழுத பெயிண்டருக்குச் சிரமமில்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். கீழே தமிழிலும் வேண்டும் என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, எழுத்தாக இல்லை, கோலம் போடுகிற மாதிரி வரைந்தார். கோவின் கால் கொஞ்சம் நீண்டுவிட்டது. இருக்கட்டும் என்றேன். பலகையை மாட்டின அன்றைக்கு, சந்தில் போகிறவர்கள் மேல்வரியைப் படித்து, "கோமொத்தி காஃபி" என்று தங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு உள்ளே வந்து பொட்டலம் வாங்கினார்கள். சங்கத்து ஆட்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் வந்தார்கள். கீழ்வரியைப் படித்தார்கள், ஒரு எழுத்துப் பிசகாமல் படித்திருப்பார்கள். அப்படியே நடந்து அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த வள்ளி பைக்கட்டோடு நின்று அண்ணாந்து பார்த்தாள். மேல்வரியை விரலால் காட்டிப் படித்தாள்.

"மா, நீச்சே கி? கீழ என்ன போட்டிருக்கு?"

"அதுவும் அம்மா பேருதான்."

"அது யாருக்கு?"

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு."

"அவங்க வருவாங்களா?"

"வராட்டா என்ன? அது அங்கனதான் இருக்கும்," என்றேன். உள்ளே மெஷின் பெல்ட்டை மாட்டிவிட்டு வந்து பார்த்தபோது அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கீழ்வரியின் முதல் எழுத்தை, அந்த நீண்ட காலோடு சேர்த்து, காற்றில் விரலால் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.